கடையும் திரையும் – 11: இணையதளத்தை எப்போது மாற்றலாம்?

சிறுதொழில் செய்யும் ஒருவர் தன் இணையதளத்தைப் புதிதாகச் செய்யப்போவதாகச் சொன்னால், ஏன் என்று கேட்டுப் பாருங்கள். ‘போட்டு ஆறு வருஷம் ஆச்சு’ என்பார். ‘எதிர்க்கடைக்காரர் மாற்றிவிட்டார்’ என்பார். ‘வெப்சைட் செய்து தருகிறவர், இது பழைய ஸ்டைல் என்று சொல்லிவிட்டார்’ என்பார். மூன்றும் உண்மையாகவே இருக்கலாம். ஆனால் மூன்றிலும் வாடிக்கையாளர் வரவேயில்லை. தளத்துக்கு எத்தனை வயது என்பது அதை மாற்றக் காரணமாகாது என்பதே இந்த அத்தியாயத்தில் நான் சொல்லவருவது. தளத்துக்கு வருகிறவர் வந்த வேலை முடியாமல் திரும்புகிறார் என்பதற்குச் சான்று வேண்டும். இருக்கும் தளத்தை வைத்துக்கொண்டே அந்தக் குறையைத் தீர்க்க வழியில்லை என்பதும் தெரிய வேண்டும். இவ்விரண்டும் சேர்ந்தால் தயங்காமல் மாற்றலாம். ஒன்று மட்டும் இருந்தால் பழுது பார்த்தால் போதும். இரண்டும் இல்லையென்றால் அந்தப் பணத்தைச் சரக்கில் போடுவது நல்லது.

இவ்வளவு கறாராகச் சொல்ல என்ன காரணம்? புதுத் தளம் எப்போதும் லாபமாகவே முடியும் என்று பலர் நம்புகிறார்கள். நடந்தவை அப்படிச் சொல்லவில்லை. பிரிட்டனின் மார்க்ஸ் அண்ட் ஸ்பென்சர் அதுவரை அமேசானின் கட்டமைப்பில் நடந்துவந்த தன் விற்பனைத் தளத்தை விட்டுவிட்டு, 15 கோடி பவுண்ட் செலவில் 2014 பிப்ரவரியில் சொந்தமாக ஒன்றைத் திறந்தது. ஏற்கெனவே கணக்கு வைத்திருந்த வாடிக்கையாளர்கள் மறுபடி பதிவுசெய்ய வேண்டியிருந்தது. பழகிய இடத்தில் பழகிய பொத்தான் இல்லை. அந்த ஆண்டு ஜூன் இறுதியோடு முடிந்த காலாண்டில் அதன் இணைய விற்பனை 8.1 சதவீதம் குறைந்தது. மீண்டும் ஏறத் தொடங்குவதற்கு ஏறத்தாழ ஓராண்டு ஆனது. ‘அது பெரிய நிறுவனம், எங்களோடு எப்படி ஒப்பிடலாம்?’ என்று கேட்பீர்கள். அந்த நிறுவனத்துக்கு நூற்றுக்கணக்கான கடைகள் இருந்தன. இணையத்தில் சரிந்ததைத் தாங்கிக்கொண்டு ஓராண்டு காத்திருக்க முடிந்தது. மாதம் நாற்பது ஆர்டரை நம்பியிருக்கும் ஒருவருக்கு அந்தக் கையிருப்புக் கிடையாது. அவர் இழப்பதும் பழகிய வாடிக்கையாளரைத்தான். தளம் எப்படி இருந்தாலும் தேடி வந்து வாங்கியவர்கள் அவர்கள்.

சரி, வாடிக்கையாளர் வந்த வேலை என்றால் என்ன? காரைக்குடியில் பலகாரம் செய்து அனுப்பும் ஒருவரின் தளத்துக்கு வருகிறவருக்குத் தெரிய வேண்டியவை சில: மணகோலம் கிலோ என்ன விலை, எத்தனை நாள் கெடாமல் இருக்கும், பெங்களூருக்கு அனுப்புவார்களா, கூரியர் செலவு யாருடையது. தளம் இந்தக் கேள்விகளுக்குப் பதில் சொல்கிறதா என்று கண்டுபிடிக்கப் பெரிய மென்பொருள் எதுவும் வேண்டாம். அதற்கான சான்று கடையின் வாட்ஸ்அப்பிலேயே கிடக்கிறது. போனிலும் வாட்ஸ்அப்பிலும் வந்த கேள்விகளை ஒரு மாதத்துக்கு ஒரு நோட்டில் எழுதி வைத்தால், அவை இரண்டு வகையாகப் பிரிவதைக் காணலாம். தளத்தில் எழுதப்படாத விஷயத்தைக் கேட்பவை ஒரு வகை. அதற்கு ஒரு வரி எழுதிச் சேர்த்தால் போதும், மறுவடிவமைப்பு தேவையில்லை. தளத்தில் எழுதியிருந்தும் கேட்கப்படுபவை இரண்டாம் வகை. இவற்றைத்தான் கூர்ந்து பார்க்க வேண்டும். விலைப்பட்டியல் இருக்கிறது, ஆனாலும் பத்தில் ஏழு பேர் விலை கேட்கிறார்கள் என்றால், பட்டியலை அவர்கள் கண்டுபிடிக்கவில்லை. அல்லது கண்டும் அதை நம்பவில்லை. பிழை தளத்தின் அமைப்பில் இருக்கிறது.

‘எங்கள் தளத்துக்கு வருகிறவர்களே கொஞ்சம் பேர்தான், இதில் என்ன புள்ளிவிவரம் தேறும்?’ என்ற ஐயம் நியாயமானது. குறைந்த எண்ணிக்கையிலிருந்து சதவீதக் கணக்குப் போட்டால் அது ஏமாற்றிவிடும். ஆனால் பழுதைக் கண்டுபிடிக்கக் கூட்டம் தேவையில்லை. பயன்பாட்டு ஆய்வாளர் ஜேக்கப் நீல்சன் 2000-இல் எழுதியது இந்தத் துறையில் இன்றும் வழிகாட்டி: ஐந்து பேரை உட்காரவைத்துப் பார்த்தாலே பெரும்பாலான குறைகள் வெளிவந்துவிடும். அந்த ஐந்து பேரும் கடையை அறியாதவர்களாக இருக்க வேண்டும். ‘மதுரைக்கு இரண்டு கிலோ ஆர்டர் போடுங்கள்’ என்று ஒரு வேலையைக் கொடுத்துவிட்டு, உதவாமல் வாயை மூடிக்கொண்டு பக்கத்தில் இருக்க வேண்டும். இதுதான் கடினம், முதலாளிக்கு விரலை நீட்டிக் காட்டத்தான் கை துறுதுறுக்கும். கடையின் வைஃபையில், முதலாளியின் விலையுயர்ந்த போனில் பார்த்துவிட்டு ‘நன்றாகத்தானே வருகிறது’ என்று சொல்வதில் பொருளில்லை. விலை குறைந்த ஆண்ட்ராய்டு போனில், மொபைல் டேட்டாவில் பார்க்க வேண்டும். பக்கத்தின் முக்கியப் பகுதி 2.5 விநாடிக்குள் திரையில் தெரிய வேண்டும் என்பது கூகுள் வைத்திருக்கும் அளவு. அதைத் தாண்டும் பல தளங்களில் குற்றவாளி, கேமராவிலிருந்து எடுத்து அப்படியே ஏற்றிய பெரிய படங்கள். அவற்றைச் சுருக்குவது ஒரு நாள் வேலை. அதற்காக முழுத் தளத்தையும் மாற்றுவது வீண்செலவு.

இதற்கு எதிரான வலுவான வாதம் தோற்றத்தைப் பற்றியது. பழைய தோற்றமே நம்பிக்கையைக் கெடுக்கும், நம்பிக்கை இல்லாவிட்டால் வாடிக்கையாளர் வேலையைத் தொடங்கவே மாட்டார் என்பது அது. இதற்கு ஆதாரமும் உண்டு. ஸ்டான்ஃபோர்ட் பல்கலைக்கழகத்தின் பி.ஜே. ஃபாக் குழு 2002-இல் 2,600-க்கும் மேற்பட்டவர்களிடம் தளங்களின் நம்பகத்தன்மையை ஒப்பிடச் சொன்னது. அவர்கள் எழுதிய கருத்துகளில் 46 சதவீதம் தோற்றத்தைக் குறிப்பிட்டன. இதை ஒதுக்கிவிட முடியாது. ஆனால் அதே சமயத்தில் இதற்கு இணையாக இன்னோர் ஆய்வும் நடந்தது. அதில் மருத்துவத்திலும் நிதியிலும் வல்லுநர்களானவர்கள் தங்கள் துறைத் தளங்களை மதிப்பிட்டார்கள். அவர்கள் தோற்றத்தைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. தகவல் எங்கிருந்து வருகிறது, யார் எழுதியது என்று பார்த்தார்கள். ஆக, தளத்துக்கு வருகிறவர் யார் என்பதைப் பொறுத்தே தோற்றத்தின் எடை அமைகிறது. முதல்முறை பட்டுப்புடவை வாங்க வருகிறவருக்கு மங்கிய படமும் நெருக்கியடித்த எழுத்தும் சந்தேகம் தரும். திருப்பூர் பின்னலாடை நிறுவனத்தின் தளத்தைத் திறக்கும் வெளிநாட்டு பையர் தொழில் தெரிந்தவர். மாதம் எத்தனை ஆயிரம் பீஸ் தைக்க முடியும், ஜிஓடிஎஸ் எனப்படும் ஆர்கானிக் துணிச் சான்றிதழ் நடப்பில் இருக்கிறதா, சாம்பிள் எத்தனை நாளில் வரும் என்பதைத் தேடுவார். முகப்பில் ஓடும் காணொளியால் அவருக்கு எந்தப் பயனும் இல்லை. தோற்றம்தான் குறை என்றாலும், எழுத்தின் அளவு, நிறம், இடைவெளி, படங்கள் ஆகியவற்றைத் தளத்தின் அமைப்பைத் தொடாமலே மாற்றலாம். வெள்ளையடிக்க வேண்டிய வீட்டை யாரும் இடிப்பதில்லை.

பழுது பார்த்தால் தீரும் இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். இதன் பேரில் தேவையற்ற செலவு நிறைய நடக்கிறது. 2018 ஜூலை முதல், எச்டிடிபிஎஸ் என்ற பாதுகாப்பான இணைப்பு இல்லாத எல்லாத் தளங்களுக்கும் குரோம் உலாவி ‘பாதுகாப்பற்றது’ என்று முகவரிக்குப் பக்கத்தில் காட்டுகிறது. அதைப் பார்த்துப் பதறும் உரிமையாளரிடம் புதுத் தளமே செய்துவிடலாம் என்று சொல்லப்படுகிறது. தேவைப்படுவது ஒரு சான்றிதழ் மட்டுமே. லெட்ஸ் என்கிரிப்ட் என்ற லாப நோக்கற்ற அமைப்பு 2015 டிசம்பரிலிருந்து அதை எல்லாருக்கும் இலவசமாகத் தருகிறது. பல ஹோஸ்டிங் நிறுவனங்களில் ஒரு பொத்தானை அழுத்தினால் அது நிறுவப்பட்டுவிடும்.

அடிப்படையே போய்விட்ட தளங்களும் உண்டு. அங்கே தயங்குவதுதான் தவறு. ஃபிளாஷில் செய்த தளங்களுக்கு அடோபி 2020-இன் முடிவோடு ஆதரவை நிறுத்தியது. 2021 ஜனவரி 12 முதல் அவற்றின் உள்ளடக்கம் ஓடாமல் தடுக்கப்பட்டது. கூகுள் பிசினஸ் கணக்கோடு இலவசமாகக் கிடைத்த ஒற்றைப் பக்கத் தளங்களை 2024 மார்ச்சில் கூகுள் மூடிவிட்டது. அந்த முகவரியை விசிட்டிங் கார்டில் அச்சிட்டவர்களின் தளம் இப்போது எங்கும் இல்லை. கணினித் திரையின் அகலத்துக்கென்றே கட்டப்பட்ட தளங்கள் இன்னொரு கூட்டம். மொபைலுக்கு ஏற்ற பக்கங்களுக்கு மொபைல் தேடலில் 2015 ஏப்ரலிலேயே கூகுள் முன்னுரிமை தரத் தொடங்கியது. இன்று தளங்களின் மொபைல் வடிவத்தைத்தான் அது படித்து அட்டவணைப்படுத்துகிறது. இரு விரலால் விரித்துப் பார்க்க வேண்டிய தளத்தை எத்தனை ஒட்டுப்போட்டாலும் பயனில்லை. தளம் ஓடும் பிஎச்பி மென்பொருளின் பதிப்பையும் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள்: 7.4 பதிப்புக்குக்கூட 2022 நவம்பரோடு பாதுகாப்புத் திருத்தங்கள் நின்றுவிட்டன. புதுப் பதிப்புக்கு மாற்றினால் பழைய தளம் உடைகிறது என்றால், அதன் காலம் முடிந்துவிட்டது.

தமிழில் தளம் வைத்திருப்பவர்களுக்கு இதில் தனியாக ஒரு கவனம் வேண்டும். யூனிகோட் பரவுவதற்கு முன் தொடங்கிய தளங்கள் டிஸ்கி, டாம், டாப், பாமினி என்று ஆளுக்கொரு எழுத்துக் குறியேற்றத்தில் இருந்தன. அந்த எழுத்துரு இல்லாத போனில் அவை ஆங்கில எழுத்தும் குறியீடுகளும் கலந்த குப்பையாகத் தெரியும். அதைவிடப் பெரிய இழப்பு, ஒருவர் கூகுளில் ‘கோரைப்பாய்’ என்று தமிழில் தட்டினால், கோரைப்பாய் விற்கும் அந்தத் தளம் வராது. தேடுபொறியைப் பொறுத்தவரை அந்தச் சொல் அங்கே எழுதப்படவேயில்லை. தமிழ்நாடு அரசு 2010-லேயே யூனிகோடை ஏற்றுக்கொண்டது. பெயர்ப்பலகை, படம், பொத்தான் என்று தமிழை எழுத்தாக இல்லாமல் படமாகவே வெட்டி ஒட்டிய தளங்களுக்கும் இதே கதிதான். எல்லாப் பக்கத்தையும் தொட்டாக வேண்டும் என்பதால், இங்கே புதிதாகச் செய்வதே சிக்கனம்.

‘ஒட்டுக்கு மேல் ஒட்டுப் போட்டுக்கொண்டே போனால் கடைசியில் புதுத் தளத்தின் செலவு ஆகிவிடாதா?’ என்றும் கேட்கலாம். ஆகும். அதனால்தான் ஒவ்வொரு பழுதையும் தேதி, காரணம், கொடுத்த தொகையோடு எழுதி வைக்கச் சொல்கிறேன். ஓராண்டுப் பட்டியலில் பழுதுகள் ஒன்றோடொன்று தொடர்பில்லாமல் சிதறிக் கிடந்தால் அது சாதாரணப் பராமரிப்பு. நான்கு பழுதுக்கும் காரணம் ஒன்றே என்றால், உதாரணமாக விலையை மாற்ற ஒவ்வொரு முறையும் வெளியாளை அழைக்க வேண்டியிருக்கிறது என்றால், அந்தக் காரணத்தை நீக்குவதே மறுவடிவமைப்பின் நோக்கம். தொழிலே மாறிவிட்டாலும் அப்படித்தான்: சில்லறை வியாபாரம் மொத்த வியாபாரமாகிவிட்டது, தளம் மட்டும் இன்னும் ‘கார்ட்டில் சேர்க்க’ என்கிறது என்றால், அது இல்லாத கடையின் பலகை. தளம் செய்து தருகிறவர்களைக் குறைசொல்வதற்காக இதையெல்லாம் எழுதவில்லை. அவர்களுடைய வருமானம் புதிதாகச் செய்வதில் இருக்கிறது. ஆகவே தேவையா என்ற கேள்விக்கு விடை தேடும் பொறுப்பு உரிமையாளருடையது.

மாற்றுவது என்று முடிவாகிவிட்டால் மூன்றை விட்டுக்கொடுக்காதீர்கள். பழைய பக்கங்களின் முகவரிகளுக்கு வருகிறவர்கள் புதிய பக்கங்களுக்கு நிரந்தரமாகத் திருப்பி அனுப்பப்பட வேண்டும். இந்த ஏற்பாட்டைக் குறைந்தது ஓராண்டு வைத்திருக்கக் கூகுளே அறிவுறுத்துகிறது. இது விட்டுப்போனால், பல ஆண்டுகளாகத் தேடலில் சேர்த்த இடம் போய்விடும். அடுத்தது காலம். துணிக்கடையும் பலகாரக் கடையும் ஆடிக்கும் தீபாவளிக்கும் இடையே தளத்தைத் தொடவே கூடாது. பொங்கல் முடிந்த பிறகு தொடங்குங்கள். மூன்றாவது, பழைய தளத்தின் முழுப் பிரதி உங்கள் கையில் இருக்க வேண்டும்.

இந்த வாரமே ஒன்று செய்யுங்கள். உங்கள் டொமைன் யார் பெயரில், எந்த மின்னஞ்சலில் பதிவாகியிருக்கிறது என்று பாருங்கள். அது உங்கள் பெயரில் இல்லையென்றால், தளத்தை மாற்றும் பேச்சைத் தள்ளிவைத்துவிட்டு முதலில் அதை உங்கள் பெயருக்கு மாற்றிக்கொள்ளுங்கள்.

(தொடரும்)