தரை தெரியாமல் கட்டும் பணம்

சாரம் காமராஜர் சாலையோர டீக்கடையில் ஒரு தம்பி போனை நீட்டினார். “ண்ணா, கடைசி நாலு ரேஸ்ல மூணு ஜெயிச்ச குதிரை. குரூப்ல டிப்ஸ் போட்டிருக்காங்க. ஐந்நூறு கட்டலாமா?”

அமெரிக்காவில் எங்கோ நடக்கும் பந்தயம், பணம் கட்டுவது ஓர் ஆப்பில். “அந்த மூணும் எந்தத் தரையில?” என்றேன். விழித்தார்.

நமக்கு ரேஸ் என்றால் கிண்டியின் புல்தரைதான். வெளிநாட்டில் மண்தரை உண்டு, செயற்கைத் தரையும் உண்டு. மணலோடு செயற்கை இழையும் ரப்பர் துணுக்கும் சேர்த்து மெழுகு பூசியது அது. மழைநீர் சட்டென வடிந்துவிடும். மண்தரையில் முன்னால் ஓடும் குதிரை பின்னால் வருபவற்றின் முகத்தில் மண்ணை வாரியடிக்கும். செயற்கைத் தரையில் அந்தத் தொல்லை குறைவு. அதனால் பின்தங்கி வந்து கடைசியில் பாயும் குதிரைக்கு வாய்ப்பு கூடும். பிரிட்டனில் ஒரே குதிரைக்குப் புல்லுக்கு ஒரு மதிப்பெண், செயற்கைத் தரைக்கு வேறொன்று என்று தருவதுண்டு. அந்த மதிப்பெண்ணைப் பார்த்துத்தான் ஹேண்டிகேப்பர் என்ற அதிகாரி குதிரை சுமக்க வேண்டிய எடையை முடிவு செய்கிறார்.

செனியாட்டா என்ற பெண்குதிரை தொடர்ந்து 19 பந்தயம் ஜெயித்தது. அதில் 17 செயற்கைத் தரையில். 2010-ல் சர்ச்சில் டவுன்ஸ் மண்தரையில், இருபதாவது பந்தயத்தில், ஒரு தலை நீளத்தில் தோற்றது. தரை மட்டுமே காரணம் என்று சொல்ல மாட்டேன். மண்ணிலும் இருமுறை ஜெயித்த குதிரைதான். ஆனால் ‘தொடர் வெற்றி’ என்று மட்டும் போடும் டிப்ஸில் இந்தக் கணக்கு எதுவும் இருக்காது.

தரையே மாறிவிடுவதும் உண்டு. கலிபோர்னியாவின் சாண்டா அனிட்டா 2007-ல் செயற்கைத் தரை போட்டது, 2010-ல் மண்ணுக்கே திரும்பியது. துபாய் மெய்தானும் சில ஆண்டுகளில் அப்படியே திரும்பியது. பழைய ரேஸ் புத்தகத்தை வைத்து ஆடுபவர் பாடு என்னாகும்?

“சுப்ரீம் கோர்ட்டே இதைத் திறமை விளையாட்டுன்னு சொல்லிடுச்சே” என்றார் தம்பி. சொன்னது உண்மை, 1996-ல், லட்சுமணன் வழக்கில். அது சட்டப்படி நடக்கும் பந்தயத்தைப் பற்றிய தீர்ப்பு. முகம் தெரியாதவர் நடத்தும் ஆப்புக்குக் கேடயமாகாது. 2025 ஆகஸ்டில் நாடாளுமன்றம் நிறைவேற்றிய ஆன்லைன் கேமிங் சட்டமோ, பணம் கட்டி ஆடும் ஆன்லைன் விளையாட்டில் திறமையா அதிர்ஷ்டமா என்றே பார்ப்பதில்லை. நடத்துபவருக்கு மூன்றாண்டு வரை சிறை உண்டு. ஏமாந்தவர் புகார் கொடுக்கத் தயங்க வேண்டாம். அந்தச் சட்டம் ஆடியவரைத் தண்டிக்க வந்ததல்ல. அதேசமயம், பந்தயப் பணத்தைக் கேட்டு வழக்குப் போட முடியாது. 1872-ஆம் ஆண்டு ஒப்பந்தச் சட்டத்தின் 30-ஆவது பிரிவு அந்தக் கதவை எப்போதோ சாத்திவிட்டது.

மோசடி என்று தெரிந்த நொடியே சைபர் குற்ற உதவி எண் 1930-ஐ அழையுங்கள். பணம் அடுத்தடுத்த கணக்குக்குத் தாவும் முன் முடக்க அந்தச் சில மணி நேரம்தான் உண்டு. யூபிஐ பரிவர்த்தனை எண், குரூப்பின் ஸ்கிரீன்ஷாட், எதையும் அழிக்காதீர்கள்.

கிளம்பும்போது தம்பி மெதுவாகச் சொன்னார், போன வாரம் ‘ஜெயித்த’ எட்டாயிரம் இன்னும் ஆப்பிலேயே கிடக்கிறதாம். எடுக்க வேண்டுமானால் முதலில் 30 சதவீத வரியை அனுப்பச் சொல்கிறார்களாம். பந்தய வருமானத்துக்கு வரி 30 சதவீதம் என்பது சரிதான். ஆனால் தருபவர் அதைப் பிடித்துக்கொண்டுதான் மீதியைத் தருவார், அதுவும் பத்தாயிரத்துக்கு மேல் போனால். ஜெயித்தவரிடம் முன்பணமாகக் கேட்கும் வரி எந்தச் சட்டத்திலும் இல்லை. டீ ஆறிக்கொண்டிருந்தது, 1930-க்கு அவர் போனிலிருந்தே அடித்தோம்.