பாப்பா நீட்டிய விரல்

நெய்வேலி டவுன்ஷிப்பில் என் தங்கை குடியிருக்கும் குவார்ட்டர்ஸின் பின்வாசல். மாப்பிள்ளை முதல் ஷிப்டுக்குச் சுரங்கம் போயிருந்தார். 14 மாதப் பாப்பா படியில் உட்கார்ந்து, கொய்யா மரத்தடியைப் பார்த்துக் கையை நீட்டி "ம்... ம்..." என்றது. பேச்சு இன்னும் வரவில்லை. பக்கத்தில் படுத்திருந்த நாய் மணி தலையைத் தூக்கியது. முதலில் பாப்பாவின் முகத்தைப் பார்த்தது, அடுத்து அந்தக் குட்டி விரலை, பிறகு மரத்தடியை. எழுந்து போய், சருகுக்குள் கிடந்த சிவப்புப் பந்தை மோந்தது. எடுத்து வரவில்லை. பந்துக்குப் பக்கத்தில் நின்றபடி, 'இதுதானே?' என்பதுபோலத் திரும்பிப் பார்த்தது.

மணி உயர்ந்த ஜாதி நாய் இல்லை. போன மழைக்காலத்தில் வராந்தாவில் வந்து ஒண்டிய தெருக்குட்டி. யாரும் எதுவும் பழக்கவில்லை.

விரலைப் புரிந்துகொள்வது சின்ன விஷயமில்லை. விரலில் ஒன்றுமே இல்லை, அது காட்டும் திசையில்தான் விஷயம் இருக்கிறது என்று தெரிய வேண்டும். மனிதக் குழந்தை ஒரு வயது வாக்கில், பேசுவதற்கு முன்பே சுட்டிக்காட்டத் தொடங்கிவிடுகிறது. விலங்குகளுக்கு விரல் புரியுமா என்று 2002இல் ஆய்வாளர் பிரையன் ஹேர் குழுவினர் ஒரு சோதனை செய்தார்கள். இரண்டு டப்பாக்களில் ஒன்றில் மட்டும் தீனியை மறைத்து, எதில் என்று கையால் காட்டினார்கள். நமக்கு மிக நெருங்கிய உறவான சிம்பன்சி திணறியது. மனிதர் வளர்த்த ஓநாய்களும் தடுமாறின. நாய்கள் நேராகப் போய் நின்றன. மனிதரோடு அதிகம் பழகாத குட்டிகளும் அப்படியே. 2021இல் அரிசோனாப் பல்கலைக்கழகத்தின் எமிலி பிரே 8 வாரக் குட்டிகள் 375ஐச் சோதித்தார். முதல் தடவையிலேயே பல குட்டிகள் சரியாகப் போயின. இந்தத் திறமையில் குட்டிக்குக் குட்டி காணும் வேறுபாட்டில் 40 சதவீதத்துக்கு மேல் பரம்பரையால் வருவது.

அவை உதவி நாய்களாகப் பழக்குவதற்கென்றே வளர்த்த குட்டிகள், நம் தெரு நாய்கள் எப்படி? கொல்கத்தா ஐசர் (IISER) ஆராய்ச்சி நிறுவனத்தில் அனிந்திதா பத்ரா குழுவினர் நம் நாட்டு நகரங்களில் 160 தெரு நாய்களிடம் இதையே செய்து பார்த்து, 2020இல் வெளியிட்டார்கள். ஏறக்குறைய பாதி நாய்கள் பயந்து கிட்டவே வரவில்லை. வந்தவற்றில் சுமார் 80 சதவீதம் விரல் காட்டிய பக்கமே போயின. கல்லடி பட்ட நாய்க்குக்கூட நம் கை புரிகிறது. எனக்கு இதைவிடப் பெரிய அதிசயம் தெரியவில்லை. குறைந்தது 15,000 ஆண்டுகள் நம் வாசலில் கிடந்து நாய் சேர்த்த சொத்து இது.

மணி முதலில் முகத்தைப் பார்த்ததும் காரணத்தோடுதான். நாயும் அதை வளர்ப்பவரும் கண்ணோடு கண் பார்க்கும்போது இருவர் உடலிலும் ஆக்ஸிடோசின் கூடுவதாக ஜப்பானின் அசாபு பல்கலைக்கழகம் 2015இல் கண்டது. தாய்க்கும் சேய்க்கும் பாசம் ஊட்டும் அதே சுரப்பு.

ஆனால் இந்த நட்பில் ஒரு குறை உண்டு. நாய் பாப்பாவைப் படிக்கிறது, பாப்பாவுக்கு நாயைப் படிக்கத் தெரியாது. பல்லைக் காட்டி உறுமும் நாயைச் சின்னக் குழந்தைகள் பலர் 'சிரிக்கிறது' என்கிறார்கள் என்று இங்கிலாந்தின் லிங்கன் பல்கலைக்கழக ஆய்வு சொல்கிறது. மணி உதட்டை நக்கி முகத்தைத் திருப்பினால் 'போதும், விடு' என்று அர்த்தம். அதைப் பாப்பாவுக்காகப் பெரியவர்கள்தான் படிக்க வேண்டும்.

ஆகவே இருவரையும் தனியே விடாதீர்கள். நாய்க்கு வெறிநோய்த் தடுப்பூசியைத் தவறாமல் போடுங்கள். லேசாகப் பல்லோ நகமோ பட்டாலும் சோப்புப் போட்டு, ஓடும் தண்ணீரில் 15 நிமிடம் கழுவிவிட்டு, அன்றே அரசு மருத்துவமனைக்குப் போங்கள். அங்கே ஊசி இலவசம்.