உங்கள் உறவுக்கு எத்தனை மதிப்பெண்?

39 பேருக்கும் ஒரே கணிப்பு

1948-இல் அமெரிக்க உளவியலாளர் பெர்ட்ரம் ஃபோரர் தம் மாணவர்கள் 39 பேருக்கு ஓர் ஆளுமைத் தேர்வு வைத்தார். ஒரு வாரம் கழித்து, அவரவர் பெயர் எழுதிய கணிப்பைக் கொடுத்து, எவ்வளவு பொருந்துகிறது என்று 5-க்கு மதிப்பெண் போடச் சொன்னார். சராசரி 4.26! பிறகுதான் குட்டு உடைந்தது. எல்லார் கையிலும் இருந்தது, யாருக்கும் பொருந்தக்கூடிய ஒரே வாசகம். அதுவும் சோதிடப் புத்தகத்திலிருந்து பொறுக்கியது.

‘உங்கள் காதல் எத்தனை சதவீதம்?’ என்று கைபேசியில் வரும் கேள்விகள் பிழைப்பதும் இப்படித்தான்.

எதை அளக்கிறது?

அளப்பதாகச் சொல்வதைத்தான் ஒரு தேர்வு அளக்கிறதா என்பதே ஏற்புடைமை. நம்பகத்தன்மை வேறு; அது எத்தனை முறை அளந்தாலும் ஒரே விடை வருவது. இரண்டு கிலோ கூட்டிக் காட்டும் தராசு தினமும் மாறாமல் அதே தவறைச் செய்யலாம்.

கணவன் மனைவி உறவை அளக்க கிரஹாம் ஸ்பேனியர் என்ற ஆய்வாளர் 1976-இல் வெளியிட்ட அளவுகோலில் 32 கேள்விகள், உச்ச மதிப்பெண் 151. அதை அவர் அமெரிக்காவின் பென்சில்வேனியாவில் மணவாழ்வில் இருந்த 218 பேரிடமும் விவாகரத்தான 94 பேரிடமும் சோதித்தார். முன்னவர்களின் சராசரி 114.8, பின்னவர்களுக்கு 70.7. கேள்விகள் எதையோ உருப்படியாகத் தொடுகின்றன என்பதற்கு இது நல்ல சான்று. ஆனால், பின்னவர்கள் ஏற்கெனவே பிரிந்தவர்கள். ஆகவே, இன்று சேர்ந்து வாழும் தம்பதி நாளை பிரிவார்களா என்று இந்த எண்களை வைத்துச் சொல்ல முடியாது. பிரிவைக் கணிப்பது எளிதல்ல என்பதை வேறொரு ஆய்வும் காட்டுகிறது: 2001-இல் ஆய்வாளர்கள் ரிச்சர்ட் ஹேமன், ஏமி ஸ்லெப் இருவரும் தம்பதிகள் பற்றிய தரவில் பாதியை வைத்து உருவாக்கிய விவாகரத்துக் கணிப்புச் சூத்திரத்தை மறுபாதியில் போட்டுப் பார்த்தபோது, அதன் துல்லியம் வெகுவாகச் சரிந்தது.

நம் வீட்டுக்குப் பொருந்துமா?

ஸ்பேனியரின் கேள்விகளில் ஒன்று, துணையை எவ்வளவு அடிக்கடி முத்தமிடுகிறீர்கள் என்பது. மாமியார், மாமனார், பிள்ளைகள் எல்லாரும் ஒரே கூடத்தில் படுக்கும் வீட்டில் அதற்குக் குறைந்த மதிப்பெண் வந்தால், குறைந்தது அன்பா, இடமா? மொழிபெயர்த்தால் மட்டும் போதாது. இங்குள்ள தம்பதிகளிடம் மறுபடி சோதித்தாக வேண்டும்.

பதில் எழுதும் சூழலும் முக்கியம். துணை பக்கத்தில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தால், வீட்டில் அடி வாங்குபவர் உண்மையை எழுதத் தயங்கலாம். அதனால் இத்தகைய தேர்வைப் பயன்படுத்தும் நல்ல ஆலோசகர் இருவரிடமும் தனித்தனியே பேசுவார். மதிப்பெண்ணை வைத்து மட்டும் முடிவு சொல்லமாட்டார். இந்தியாவில் மனநல உதவிக்கு டெலிமானஸ் 14416. வீட்டில் வன்முறை என்றால் பெண்கள் 181-ஐ அழைக்கலாம்.