ஆமத்தூர் வெயிலுக்கு எந்தக் குளிர்ச்சி?

விருதுநகரிலிருந்து சிவகாசிக்குப் போகும் வழியில் இருக்கிறது ஆமத்தூர். கரிசல் காடு, சீமைக்கருவேலம், நடுவே தள்ளித் தள்ளிக் கட்டிய பட்டாசு ஆலை அறைகள். அந்த அறைகளில் மருந்து கையாளுகிறவருக்கு மின்விசிறி கிடையாது. ஒரு பொறி போதும் என்பதால் அங்கே மின்சாரத்துக்கே இடமில்லை. கதவைத் திறந்து வைத்து, வருகிற காற்றை வாங்கிக்கொண்டு வேலை பார்க்கிறார்கள். சித்திரையிலும் அப்படித்தான், ஆடியிலும் அப்படித்தான்.

வீட்டுக்கு எந்தக் குளிர்சாதனம் வாங்கலாம் என்ற கேள்வியை இந்த ஊரில் இங்கிருந்துதான் தொடங்க வேண்டும். பகலெல்லாம் சூடேறிய உடம்பு இறங்குவதற்குக் கிடைப்பது ராத்திரி ஏழெட்டு மணி நேரம். அந்த நேரத்திலும் படுக்கையறை 33, 34 டிகிரியில் நின்றால் உடம்புக்கு ஓய்வே கிடைப்பதில்லை. தூக்கம் கெடுகிறது. மறுநாள் காலையில் அதே உடம்போடு மருந்துக்கு முன்னால் போய் உட்கார வேண்டும். தூக்கம் கெட்ட கை மருந்து அள்ளுவது எவ்வளவு ஆபத்து என்பதை இந்த வட்டாரத்துக்கு யாரும் சொல்லித் தர வேண்டியதில்லை. தமிழக அரசு 2024 அக்டோபரில் வெப்ப அலையை மாநிலப் பேரிடராக அறிவித்தது. அந்தப் பேரிடருக்கு எதிரான முதல் காப்பு, தூங்குகிற அறைதான்.

சூடேற்றும் கருவியைப் பற்றி இங்கே பேச ஒன்றுமில்லை. மார்கழிக்கு ஒரு போர்வை போதும். குளிர், சூடு இரண்டும் தரும் ஏசி என்று கடையில் காட்டினால், அந்தக் கூடுதல் பணத்தைக் கூரைக்குச் செலவழியுங்கள்.

ஆமாம், கூரைக்குத்தான். கடைக்குப் போகும் முன்பு மொட்டைமாடிக்குப் போக வேண்டும். வெறும் காங்கிரீட் தளம் கோடை நடுப்பகலில் 55, 60 டிகிரி வரை சுடும். வாங்கிய சூட்டை அது உடனே கீழே விடுவதில்லை. சாயங்காலம் தொடங்கி, நாம் பாயை விரிக்கும் நேரம் தாண்டியும் இறக்கிக்கொண்டே இருக்கும். மின்விசிறியைப் போட்டால் அனலை அடித்துக் கீழே தள்ளுகிறது என்று எல்லா வீட்டிலும் சொல்வது இதனால்தான். வெளியே காற்று குளிர்ந்த பிறகும் உள்ளே புழுங்குகிறது. அந்தச் சூட்டோடு ஏசியை மல்லுக்கட்ட விட்டால், மின்கட்டணத்தில் ஒரு பகுதியைக் கூரைக்கே கட்டுகிறோம்.

அந்தக் காலத்துக் கட்டுமானக்காரர்களுக்கு இது தெரியும். செங்கல் ஜல்லியையும் சுண்ணாம்பையும் கலந்து தளத்தின் மேல் கொட்டி, இடித்துக் கெட்டிப்படுத்தி, அதன்மேல் தட்டோடு பதித்தார்கள். வெயில் கீழே இறங்க அந்தக் கனம் இடம் கொடுக்கவில்லை. இப்போது செலவைக் குறைக்க முதலில் வெட்டப்படுவது அந்த வேலைதான். புதிதாகக் கட்டுகிறவர்கள் ஹாலுக்கு வாங்கும் டைல்ஸில் கொஞ்சம் குறைத்தாவது தட்டோடோ, வெள்ளை நிறக் கூலிங் டைல்ஸோ பதித்துவிட வேண்டும். ஏற்கெனவே கட்டியவர்களுக்கு வெள்ளை அடிப்பது போதும். நல்ல வெள்ளைப் பரப்பு மேலே விழும் வெயிலில் பெரும்பகுதியைத் திருப்பி அனுப்பிவிடும். உள்ளே இரண்டிலிருந்து ஐந்து டிகிரி வரை குறையும். கூலிங் பெயின்ட் வாங்க முடியாதவர்கள் சுண்ணாம்பும் வெள்ளை சிமெண்டும் பசையும் கலந்து அடிக்கிறார்கள், அதுவும் வேலை செய்கிறது. ஐப்பசி, கார்த்திகை மழையில் அது கரையும். கரிசல் புழுதி படிந்தால் பழுப்பேறும். மாசிக்குள் கழுவி மறுபடி ஒரு கை அடித்துவிட்டால் கோடை தாங்கும்.

தகர ஷீட்டும் ஆஸ்பெஸ்டாஸ் ஷீட்டும் போட்ட வீடுகளின் பாடு இதைவிட மோசம். மற்ற ஊர்களில் என்றால் மேலே கிடுகு வேயச் சொல்லலாம். பட்டாசு ஆலைகளுக்கு நடுவே இருக்கிற ஊரில் ஓலையை ஒரு வழியாகச் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. ஷீட்டுக்கு மேலே வெள்ளைப் பூச்சு, கீழே இடைவெளி விட்டுத் தீப்பிடிக்காத பலகையில் ஒரு தடுப்பு, அவ்வளவுதான் வழி. மேற்குச் சுவருக்கு ஒரு வேம்போ பூவரசோ நிழல் தந்தால் இன்னும் நல்லது.

இதன் பிறகுதான் கருவி. அதைத் தேர்வதற்கு இந்த ஊர்க் காற்றைப் புரிந்துகொள்ள வேண்டும். தென்மேற்குப் பருவமழையை மேற்குத் தொடர்ச்சி மலை வாங்கிக்கொண்டு, ஈரமில்லாத மேல்காற்றைத்தான் இந்தப் பக்கம் அனுப்புகிறது. 1920-களில் அய்ய நாடாரும் சண்முக நாடாரும் கல்கத்தாவில் கற்று வந்த தீப்பெட்டித் தொழில் சிவகாசியில் வேரூன்றியதற்கு இந்த வறட்சி பெரிய துணை. தீக்குச்சி காய வேண்டும், பட்டாசு மருந்தில் ஈரம் ஏறக் கூடாது, அச்சடித்த தாள் சீக்கிரம் உலர வேண்டும்.

ஏசி பிறந்ததும் ஓர் அச்சகத்துக்காகத்தான். 1902-இல் நியூயார்க்கின் புரூக்ளின் பகுதியில் இருந்த ஓர் அச்சகத்தில் தாள் ஈரத்தை இழுத்து விரிந்து, வண்ணங்கள் ஒன்றின்மேல் ஒன்று சரியாக உட்காராமல் விலகின. அந்தச் சிக்கலைத் தீர்க்க வில்லிஸ் கேரியர் வடிவமைத்ததே இன்றைய ஏசியின் மூதாதை. சிவகாசி அச்சகக்காரர்களுக்கு இந்தச் சிக்கல் கேட்டவுடன் புரியும். ஏசிக்கு ஆரம்பத்திலிருந்தே இரண்டு வேலை: சூட்டை எடுப்பது, ஈரத்தை எடுப்பது. காற்றே காய்ந்து கிடக்கிற மாதங்களில் இரண்டாவது வேலை பெரிதாகத் தேவைப்படாது. ஏர்கூலர் நமக்கு உதவும் காலம் அதுதான்.

கூலர் ஈரம் ஆவியாகும்போது உண்டாகும் குளிர்ச்சியில் ஓடுகிறது. வெளியே 38 டிகிரி, காற்றில் ஈரப்பதம் 30 சதவீதம் என்றால், நல்ல கூலர் 28 டிகிரிக் காற்றைத் தரும். ராத்திரி 30 டிகிரி, ஈரப்பதம் 60 சதவீதம் என்றால் நாலு டிகிரிதான் குறைக்கும். ஐப்பசியில் ஈரப்பதம் 80 ஆனால் இரண்டு டிகிரி குறைவதே பெரிது. பிறகு அறை பிசுபிசுக்கும். பங்குனியிலிருந்து ஆவணி வரை கூலர் தன் விலைக்கு உழைக்கும், மழைக்காலத்தில் அதை மூடி வைத்துவிட வேண்டும். கூலரை ஏசி என்று நினைத்து ஜன்னலைச் சாத்தி வைப்பதுதான் பலர் செய்யும் பிழை. கூலரை ஜன்னலை ஒட்டி வையுங்கள், அது வெளிக்காற்றை இழுக்கட்டும். எதிர்ப்பக்கத்து ஜன்னலைத் திறந்து விடுங்கள், ஈரக்காற்று வெளியேறட்டும். போர்த் தண்ணீர் உப்பென்றால் பேடில் உப்புப் பூத்து அடைத்துக்கொள்ளும். வாரம் ஒருமுறை தொட்டியைக் காலி செய்து கழுவாவிட்டால் நாற்றமும் கொசுவும் வரும். குழாயில் தண்ணீர் வருவதற்காகக் குடம் வைத்துக் காத்திருக்கும் தெருவில், ராத்திரிக்கு நாற்பது ஐம்பது லிட்டர் கூலருக்கென்று ஒதுக்குவதும் ஒரு செலவுதான். அதையும் கணக்கில் சேர்க்க வேண்டும்.

மின்சாரக் கணக்கைப் பார்ப்போம். பழைய மின்விசிறி 75 வாட். தினம் பத்து மணி நேரம் ஓடினால் இரண்டு மாதத்துக்கு 45 யூனிட். புதிய வகை பிஎல்டிசி விசிறி 30 வாட், 18 யூனிட். மூன்று விசிறி உள்ள வீட்டில் இதை மட்டும் மாற்றினாலே 80 யூனிட் மிச்சம். 150 வாட் கூலர் ராத்திரி எட்டு மணி நேரம் ஓடினால் இரண்டு மாதத்துக்கு 72 யூனிட். ஒரு டன் 5 ஸ்டார் இன்வெர்ட்டர் ஏசி ராத்திரிக்கு ஐந்து யூனிட் என்று வைத்தால் 300. தமிழ்நாட்டில் வீடுகளுக்கு 2016 முதல் இரண்டு மாதத்துக்கு 100 யூனிட் இலவசம். மொத்தம் 500-ஐத் தாண்டினால் 500-க்கு மேலுள்ள யூனிட்டுக்கு மட்டும் கூடுதல் என்பதோடு முடிவதில்லை, கீழ்ப்படிகளில் கிடைத்த மலிவு வீதமும் போய்விடும். ஏற்கெனவே 220 யூனிட் ஓடுகிற வீடு ஒரே ஒரு ஏசியால் அந்தக் கோட்டைத் தாண்டும். விசிறிகளை மாற்றிவிட்டு ஏசி போட்டால் கோட்டுக்குள் நிற்கலாம்.

ஏசியே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. வயதானவர்கள், கைக்குழந்தை, இதய நோயோ சிறுநீரகக் கோளாறோ உள்ளவர்கள் இருக்கும் வீட்டில் ஒரு அறைக்காவது ஏசி அவசியம். 2025 செப்டம்பரில் ஏசி மீதான ஜிஎஸ்டி 28-லிருந்து 18 சதவீதமாகக் குறைந்தது, வாங்குவது முன்பைவிட எளிது. கடையில் “அண்ணாச்சி, ஒண்ணரை டன்னே போட்டுருங்க” என்பார்கள். கூரையைச் சரிசெய்த 120 சதுர அடி அறைக்கு ஒரு டன் போதும். ஸ்டார் லேபிளில் ஆண்டைப் பாருங்கள், சில ஆண்டுகளுக்கு ஒருமுறை தரவரம்பைக் கூட்டுகிறார்கள், பழைய 5 ஸ்டார் புதிய கணக்கில் 5 ஸ்டாராக இருக்காது. 2020 ஜனவரி முதல் ஸ்டார் லேபிள் பெற்ற ஏசிகள் 24 டிகிரியில்தான் தொடங்குகின்றன. அதை 26-க்கு ஏற்றி மேலே விசிறியை மெதுவாக ஓடவிட்டால் தூக்கத்துக்குக் குறைவில்லை. ஒரு டிகிரி ஏற்றினால் சுமார் 6 சதவீத மின்சாரம் மிச்சம்.

ஒரு எச்சரிக்கை. புதிய ஏசிகளில் இருக்கும் ஆர்-32 வாயு ஓரளவு எரியக்கூடியது. சிலவற்றில் உள்ள ஆர்-290 என்பது புரொப்பேன், நன்றாகவே எரியும். அளவு குறைவு, முறையாகப் பொருத்தினால் பயப்பட வேண்டாம். ஆனால் வீட்டில் வைத்துப் பட்டாசு செய்வது எப்படியும் சட்டவிரோதம். திரியோ மருந்தோ இருக்கும் அறையில் கூலரின் சுவிட்ச் பொறிகூட உயிரைக் குடிக்கும். மருந்துத் தூசி படிந்த வேலை உடுப்பையும் படுக்கையறைக்கு வெளியிலேயே மாற்றிவிடுங்கள்.

தனி வீடுகளின் கையை மீறிய ஒன்றும் இருக்கிறது. கலைஞர் கனவு இல்லம் திட்டத்தில் குடிசைகளுக்குப் பதிலாக, வீட்டுக்கு 3.5 லட்சம் ரூபாய் செலவில் 360 சதுர அடி வீடுகள் கட்டித் தரப்படுகின்றன. குடிசையை விட்டு உறுதியான வீட்டுக்கு வருவது பெரிய காரியம். ஆனால் காங்கிரீட் தளத்தை வெறுமனே விட்டால், ஓலையின் கீழே இருந்ததைவிடச் சூடான ராத்திரிதான் அந்தக் குடும்பத்துக்குக் கிடைக்கும். தெலங்கானா 2023-இல் குளிர்கூரைக்கென்றே ஒரு கொள்கை கொண்டுவந்தது. விருதுநகர் மாவட்டத்தில் இனி எழும் ஒவ்வொரு அரசு வீட்டின் மதிப்பீட்டிலும் தட்டோட்டுக்கோ வெள்ளைப் பூச்சுக்கோ ஒரு வரி சேர்க்க வேண்டும். ஏற்கெனவே கட்டி முடித்த வீடுகளுக்கு, அடுத்த பங்குனி வருவதற்குள் ஊராட்சிகள் வெள்ளை அடித்துத் தர வேண்டும். தொழிலாளர் குடியிருப்புகளின் கூரைகளுக்கு ஆலை உரிமையாளர்கள் பொறுப்பேற்கலாம், மறுநாள் வேலைக்கு வருகிறவர் அங்கேதான் தூங்குகிறார்.