பேனாக்கத்தி வாங்குமுன்

பேனாக்கத்தியைப் பற்றியும் ஒரு கட்டுரையா என்று சிரிக்கும் நண்பர்கள்தாம், விடுதியில் என் அறைக்கு வந்து "கத்தி இருக்கா?" என்று முதலில் கேட்பவர்கள். பொட்டலம் பிரிக்க, மாம்பழம் நறுக்க, கலை இரவுக்குத் தோரணக் கயிறு அறுக்க என ஏதாவது வேலை வந்துகொண்டே இருக்கும். நானும் சில வகைக் கத்திகளைப் பயன்படுத்திப் பார்த்துவிட்டேன். வாங்க எண்ணும் மாணவர்களுக்கு அந்த அனுபவம் உதவலாம்.

கடையில் கத்தியைக் கையில் எடுக்கும் முன்பே சட்டத்தைத் தெரிந்துகொள்வது நல்லது. நம் நாட்டில் 1958ஆம் ஆண்டின் அரிக்கும், வெடிக்கும் பொருள்கள், தாக்கும் ஆயுதங்கள் சட்டம் நடப்பில் இருக்கிறது. அதன் 6(1) பிரிவின்படி, சட்டப்படியான நோக்கமின்றிப் பொது இடத்தில் தாக்கும் ஆயுதம் வைத்திருப்பது குற்றம். தண்டனை 5 ஆண்டுக்குக் குறையாத, 10 ஆண்டு வரையிலான சிறை; பிரம்படியும் உண்டு. தாக்கப் பயன்படுத்தினால் காயம் உண்டாக்கக்கூடிய எந்தக் கருவியும் இதில் அடங்கும் என்பதால், 'இது சின்னக் கத்திதானே' என்ற சமாதானம் எடுபடும் என்று நம்பியிருக்க முடியாது. எங்கள் உம்பாய்ப் பக்கத்தில் மோட்டார் சைக்கிள் இருக்கைக்கு அடியில் 'எதற்கும் இருக்கட்டும்' என்று கத்தி வைத்திருக்கும் இளைஞர்களைப் பார்த்திருக்கிறேன். சாலைத் தடுப்பில் போலீஸார் கேட்டால், 'எதற்கும்' என்பது ஒரு நோக்கம் ஆகாது. தற்காப்புக்கு என்று சொல்வது இன்னும் மோசம். ஆயுதமாகத்தான் வைத்திருந்தேன் என்று தானே ஒப்புக்கொள்வதற்குச் சமம்.

ஆகவே பொத்தானை அழுத்தினால் பாய்ந்து விரியும் கத்தி, இருபுறமும் கூருள்ள கத்தி, பாசார் மாலாமில் மண்டையோடு பொறித்து விற்கும் கத்தி ஆகியவற்றை நான் தொடுவதே இல்லை. பார்த்தவுடன் 'இது வேலைக்கான சாமான்' என்று தெரியவேண்டும்.

அப்படிப் பார்த்தால் மாணவருக்குப் பொருத்தமானவை இரண்டு மூன்றுதான். அட்டைப்பெட்டியும் காகிதமும் வெட்ட, புத்தகக் கடைக் கட்டரே போதும். நுனி மழுங்கினால் உடைத்துவிட்டு அடுத்த துண்டை நீட்டிக்கொள்ளும் இந்த அமைப்பு 1956இல் ஜப்பானில் ஓல்ஃபா நிறுவனத்தார் கண்டது. ஆனால் அட்டைப் பசை படிந்த கட்டரால் பழம் நறுக்க எனக்கு மனம் வருவதில்லை.

அடுத்தது, சுவிட்சர்லாந்தின் விக்டோரினாக்ஸ். 1884இல் தொடங்கிய பட்டறை அது. அதன் 58 மில்லிமீட்டர் கிளாசிக் வகையில் சிறு அலகும் கத்தரிக்கோலும் அரமும் உண்டு, சாவிக்கொத்தில் தொங்கும். கத்தியைவிடக் கத்தரிக்கோல்தான் எனக்கு அதிகம் பயன்பட்டது. ஒரு குறை உண்டு. அலகுக்குப் பூட்டு கிடையாது. குத்தித் துளைக்க முயன்றால் மடங்கி விரலைப் பதம் பார்க்கும். இழுத்து அறுக்க மட்டுமே பயன்படுத்த வேண்டும்.

பிரான்ஸின் ஒப்பினெல் மூன்றாவது. மரக் கைப்பிடி, அலகை நிறுத்தும் சுழல் வளையம் 1955இல் சேர்ந்தது. மெல்லிய அலகு என்பதால் மாங்காயை இது சீவுவதுபோல் வேறெதுவும் சீவவில்லை. ஆனால் கடலோரத்து ஈரக்காற்றில் மரம் ஊதி, அலகு வெளியே வர அடம்பிடிக்கும். கார்பன் எஃகு அலகாக இருந்தால் எலுமிச்சைச் சாறு பட்டதும் கறுக்கும். துடைக்காமல் விட்டால் மறுநாளே துருப்புள்ளி தெரியும். துருப்பிடிக்காத எஃகிலும் இதே கத்தி கிடைக்கிறது. நம் தட்பவெப்பத்துக்கு அதுவே நல்லது. இதை நான் வீட்டோடு வைத்துக்கொள்கிறேன்.

விலையைவிட முக்கியம், தீட்டத் தெரிவது. இதை எனக்குக் கற்பித்தவர் தோட்டத்தில் பால்மரம் வெட்டிய என் அப்பா. ஒவ்வொரு வெட்டுக்கும் ஏறக்குறைய ஒன்றரை மில்லிமீட்டர் பட்டையைத்தான் சீவி எடுக்கலாம். ஆழம் தப்பிக் கத்தி மரத்தில் பட்டால் காயம் ஆறும்போது பட்டை முண்டும் முடிச்சுமாக வளரும். பிறகு அந்த இடத்தில் ஒழுங்காக வெட்ட முடியாது. மொட்டைக் கத்தியை அழுத்த வேண்டியிருக்கும். அழுத்தினால்தான் கை தப்பும். விரலை வெட்டிக்கொள்வதும் பெரும்பாலும் இப்படித்தான். கூரான கத்திதான் பத்திரமானது என்று அப்பா சொன்னபோது, பள்ளி வயதில் எனக்கு அது விளங்கவில்லை.

பேனாக்கத்திக்கு ஒரு தீட்டுக்கல் போதும். கல்லை நனைத்து, அலகைச் செங்குத்தாக நிறுத்தி, பாதி சாய்த்து, அதிலும் பாதி சாயுங்கள். 90 பாகை 45 ஆகி, பிறகு 22 சொச்சத்துக்கு வரும். அந்தச் சாய்வு மாறாமல் ஒரு பக்கம் தேய்த்தால் மறுபக்க விளிம்பில் மெல்லிய பிசிறு கைக்குத் தட்டுப்படும். உடனே பக்கம் மாற்றுங்கள். கடைசியில் இலேசாக இருபுறமும் மாறி மாறி இழுத்துப் பிசிறை நீக்கி, ஒரு நாளிதழ்த் தாளை அறுத்துப் பாருங்கள். கிழியாமல் வழுக்கிக்கொண்டு போனால் சரி.

பூலாவ் பெசார் படகுப் பயணம் முடிந்தால் நல்ல தண்ணீரில் கழுவித் துடைத்து, மடிப்பில் ஒரு சொட்டு எண்ணெய் விடுங்கள். விடுதி விதிகளையும் ஒருமுறை படித்துவிடுங்கள். விமானத்தில் போகும்போது, கிளம்பும் முன்பே சாவிக்கொத்தைக் கழற்றிப் பாருங்கள். கத்தி சரக்குப் பெட்டிக்குள் போகட்டும்.