ஆண்டு மலரில் அச்சேறும் முகங்கள்

பள்ளி ஆண்டு மலரில் பிளஸ் டூ மாணவர்களுக்கென்று ஒதுக்கிய பக்கங்களைப் பலரும் பார்த்திருப்போம். வரிசைக்கு நான்கு பாஸ்போர்ட் அளவுப் படங்கள். ஒவ்வொன்றின் கீழும் பெயர், பிறந்த தேதி, ரத்த வகை, ஊர், அப்பாவின் செல்பேசி எண், கடைசியாக ‘லட்சியம்: கலெக்டர் ஆவது’. அச்சடித்த மலர் சில நூறு வீடுகளின் அலமாரியில் தூங்கிய காலத்தில் இதைப் பற்றி யாரும் கவலைப்படவில்லை. இப்போது அதே பக்கம் பி.டி.எஃப். ஆகிப் பள்ளியின் இணையதளத்தில் ஏறுகிறது. வகுப்பு வாட்ஸ்அப் குழுவில் சுற்றுகிறது. அடுத்த ஆண்டுச் சேர்க்கைக்கான ஃபிளெக்ஸ் பேனரிலும் அதிலிருந்து ஒரு முகம் எட்டிப் பார்க்கிறது. முகம், பெயர், வயது, பள்ளி, ஊர், பெற்றோர் எண் எல்லாம் ஒரே இடத்தில் கிடைத்தால் மோசடிக்காரனுக்கு வேறென்ன வேண்டும்?

‘கல்வித் துறையிலிருந்து பேசுகிறோம், உங்கள் மகளுக்கு உதவித்தொகை வந்திருக்கிறது’ என்று தொடங்கி, கியூஆர் கோடு ஒன்றை அனுப்பி ஸ்கேன் செய்யவைத்துப் பணத்தைச் சுருட்டும் மோசடி தமிழ்நாட்டில் நடந்திருக்கிறது. பிள்ளையின் பெயரையும் வகுப்பையும் பிசகாமல் சொல்லும் குரலைப் பெற்றோர் எளிதில் நம்பிவிடுகிறார்கள். அந்த விவரங்கள் மலரிலிருந்துதான் போயின என்று நான் சொல்லவில்லை. கசிவதற்கு எத்தனையோ வழி உண்டு. ஆனால் காசு செலவழித்து நாமே இன்னொரு வழி திறந்துவிட வேண்டியதில்லை.

படத்தால் வரும் ஆபத்து வேறு வகை. பொதுவெளியில் கிடக்கும் சாதாரணப் படங்களை ஆபாசமாக மாற்றி மிரட்டுகிறார்கள் என்று அமெரிக்காவின் எஃப்.பி.ஐ. 2023 ஜூனில் எச்சரித்தது. செயற்கை நுண்ணறிவைப் பழக்கப் பயன்பட்ட ‘லயான்-5பி’ என்ற படத் தொகுப்பில் பிரேசில், ஆஸ்திரேலியக் குழந்தைகளின் படங்களும் கலந்திருந்ததை ஹியூமன் ரைட்ஸ் வாட்ச் அமைப்பு 2024-ல் கண்டுபிடித்தது. சில குழந்தைகளின் பெயர், படத்தோடு இருந்த குறிப்பிலோ இணைய முகவரியிலோ அப்படியே இருந்தது. மாணவியின் பெயரையும் வகுப்பையும் சேர்த்தே படக் கோப்புக்குப் பெயர் வைத்து இணையத்தில் ஏற்றும் நம் பள்ளிகளின் வழக்கத்தை இந்த இடத்தில் நினைத்துப் பாருங்கள்.

இவையெல்லாம் யாருக்கும் வரக்கூடிய ஆபத்து. சில பிள்ளைகளுக்கு மட்டும் வரும் ஆபத்தும் உண்டு. மலர்க் குழுவுக்கு அது தெரிவதே இல்லை. அடித்துத் துன்புறுத்திய கணவனிடமிருந்து தப்பி வேறு ஊருக்கு வந்து, பிள்ளையைப் புதுப் பள்ளியில் சேர்த்திருக்கும் தாய் ஒருவரை எடுத்துக்கொள்வோம். இணையத்தில் ஏறிய ஒரு குரூப் போட்டோ போதும், அவர் இருக்கும் ஊர் வெளியே தெரிந்துவிடும். குழந்தைகள் இல்லத்தில் தங்கிப் படிக்கும் பிள்ளையின் முகவரிக்கு நேராக இல்லத்தின் பெயரை அச்சடிப்பதும் இப்படித்தான். ‘உதவித்தொகை பெற்றோர்’, ‘25 விழுக்காடு இடஒதுக்கீட்டில் சேர்ந்தோர்’ என்று பெருமையாகப் போடும் பட்டியல், சாதியையும் வீட்டு வறுமையையும் ஊருக்கே சொல்லிவிடுகிறது. வருகைப் பதிவேட்டில்கூட மாணவரின் சாதி இருக்கக் கூடாது என்று நீதிபதி கே. சந்துரு குழு 2024-ல் பரிந்துரைத்திருக்கும்போது மலரில் இதற்கு என்ன வேலை? பொதுத் தேர்வில் முதலிடம், இரண்டாமிடம் என்று அறிவிப்பதைத் தமிழ்நாடு அரசு 2017-லேயே கைவிட்டது; மலரில் மட்டும் இன்னும் ரேங்க் வரிசைப்படி முகங்கள் வருகின்றன.

கையெழுத்து யாருடையது?

டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் 2023-ல் நிறைவேறியது. அதன் விதிகள் 2025 நவம்பரில் வெளியாயின. முக்கியக் கடமைகளுக்கு 18 மாத அவகாசம் தரப்பட்டிருக்கிறது. அதாவது 2027 மே மாதத்தில் அவை நடைமுறைக்கு வரும். 18 வயது நிறையாத எவருடைய விவரத்தையும் கையாளுமுன் பெற்றோரின் சரிபார்க்கத்தக்க ஒப்புதல் வேண்டும் என்கிறது 9-ஆம் பிரிவு. பிள்ளைகள் விஷயத்தில் தவறினால் அபராதம் 200 கோடி ரூபாய் வரை போகலாம். படிப்புக்காகவும் பாதுகாப்புக்காகவும் மாணவர்களைக் கண்காணிப்பதில் பள்ளிகளுக்கு விதிகளில் ஒரு விலக்கு உண்டு. மலரையும் சேர்க்கை விளம்பரத்தையும் அந்த விலக்குக்குள் இழுத்துவர முடியும் என்று எனக்குத் தோன்றவில்லை. ‘எங்கள் மலர் காகிதத்தில் வருவதுதானே’ என்ற வாதமும் நிற்காது. படம் டிஜிட்டல், பெயர்ப் பட்டியல் எக்செல், வடிவமைப்பு கணினியில்.

நடைமுறையில் என்ன நடக்கிறது? சேர்க்கைப் படிவத்தின் அடியில், ‘பள்ளி வெளியீடுகளில் என் பிள்ளையின் படத்தைப் பயன்படுத்த ஆட்சேபணை இல்லை’ என்று ஆங்கிலத்தில் பொடி எழுத்தில் ஒரு வரி இருக்கும். கட்டணம் கட்டும் அவசரத்தில் அப்பா கையெழுத்துப் போட்டுவிடுவார். புதிய சட்டம் கேட்கும் ஒப்புதல் இப்படிப்பட்டதல்ல. எதற்காக என்று குறிப்பாகச் சொல்ல வேண்டும். நிபந்தனை இருக்கக் கூடாது. பெற்றோர் விரும்பினால் தமிழில் படிக்க வழி இருக்க வேண்டும். கொடுத்த ஒப்புதலைத் திரும்பப் பெறவும் முடிய வேண்டும். மாணவரையே கையெழுத்துப் போடச் சொல்வதும் பலிக்காது. 18 வயதுக்குக் கீழானவர் செய்யும் ஒப்பந்தம் செல்லாது என்பது 1903-ல் பிரிவி கவுன்சில் சொன்ன தீர்ப்பு. இன்றும் அதுதான் நிலை.

அமெரிக்காவில் கதை தலைகீழ். 1974-ஆம் ஆண்டின் கல்விப் பதிவுச் சட்டத்தின் கீழ், இயர்புக்கில் வரும் பெயரும் படமும் பள்ளி வெளியிடக்கூடிய பொது விவரங்களில் சேரும். வேண்டாம் என்றால் பெற்றோர்தான் முன்கூட்டி எழுதித் தர வேண்டும். நம் சட்டத்தில் பேசாமல் இருந்தால் சம்மதம் என்று அர்த்தமில்லை.

ஆகவே ஒப்புதல் படிவத்தில் ஒரு வரிக்குப் பதில் மூன்று கட்டம் கேளுங்கள்: அச்சு மலருக்கு ஒன்று, இணையத்துக்கும் சமூக ஊடகத்துக்கும் ஒன்று, விளம்பரத்துக்கு ஒன்று. முதலாவதற்குச் சரி சொல்லி மற்ற இரண்டையும் மறுக்கும் பெற்றோர் நிறையப் பேர் இருப்பார்கள். படம் வேண்டாம் என்ற பிள்ளையை மலரிலிருந்தே விலக்கிவிடவும் கூடாது. அவன் எழுதிய துணுக்கு வரலாம். அவள் வரைந்த கோலம் வரலாம்.

டி.டி.பி. கடையில் கிடக்கும் கோப்பு

இணையதளத்தைவிட எனக்குப் பெரிய கவலை மலர் தயாராகும் வழியைப் பற்றித்தான். பெயர் சரிபார்க்க வேண்டும் என்று வகுப்பாசிரியர் கேட்பார். அலுவலகத்தில், மாணவர் விவரங்களைப் பதிந்துவைக்கும் எமிஸ் தளத்திலிருந்து இறக்கிவைத்த பட்டியலை அப்படியே அனுப்பிவிடுவார்கள். மலருக்கு வேண்டியது பெயரும் வகுப்பும். பட்டியலிலோ பிறந்த தேதி, முகவரி, சாதி, சமயத்தில் ஆதார் எண்கூட இருக்கும். சேகரித்த ஆதார் எண்ணைப் பொதுவில் வெளியிடக் கூடாது என்று ஆதார் சட்டத்தின் 29-ஆம் பிரிவு தடுக்கிறது. பட்டியல் ஸ்டுடியோவுக்கும் டி.டி.பி. கடைக்கும் பிறகு அச்சகத்துக்கும் போகிறது. கடைக்காரர் கெட்டவர் என்பதல்ல. அவருடைய கணினியில் பல வருடத்து மலர்கள் அழிக்கப்படாமல் கிடக்கும். கல்யாணப் பத்திரிகை அடிக்க வருபவர் முதல் எல்லாரும் அதில்தான் பென்டிரைவ் செருகுவார்கள்.

மலர்க் குழு ஆசிரியர்கள் செய்யக்கூடியது எளிது. வெளியே போகும் பட்டியலில் இரண்டே பத்தி வைத்துக்கொள்ளுங்கள். படக் கோப்புக்குப் பெயர் வைக்காமல் எண் வையுங்கள். அச்சுக்கு 300 டி.பி.ஐ. வேண்டும் என்பதால் வாட்ஸ்அப்பில் சுருங்கிய படம் உதவாது, அசல் கோப்பைத்தான் கேட்பார்கள். செல்பேசியில் எடுத்த அசலில் இருப்பிடக் குறிப்பும் ஒட்டியிருக்கலாம், அனுப்புமுன் நீக்கிவிடுங்கள். இணையத்துக்கென்று தனிப் பி.டி.எஃப். செய்யுங்கள், அதில் தனி முகப் படங்களும் பெயர்ப் பட்டியலும் வேண்டாம். மலர் கைக்கு வந்து குறிப்பிட்ட நாட்களில் எல்லாக் கோப்பையும் அழித்துவிட்டதாக ஸ்டுடியோவும் அச்சகமும் எழுதித் தர வேண்டும் என்று கொட்டேஷன் வாங்கும்போதே சேர்த்துவிட்டால் பிறகு தகராறு இல்லை.

பெயர்ப் பிழை இன்னொரு தொல்லை. யூனிகோடில் வந்த பட்டியலைப் பழைய எழுத்துருவுக்கு மாற்றும்போது கொம்பும் காலும் இடம் மாறி, கௌசல்யா வேறு யாரோ ஆகிவிடுவாள். ஃபைனல் புரூஃபில் ஒவ்வொரு வகுப்பையும் மாணவர்களே பார்த்துக் கையெழுத்திட்டால் பாதிப் பிழை தீரும். நோட்டோ சான்ஸ் தமிழ், முக்தா மலர், மீரா இனிமை போன்ற இலவச உரிமம் உள்ள யூனிகோடு எழுத்துருக்கள் இருக்கும்போது திருட்டு எழுத்துருவை நாட வேண்டிய தேவையும் இல்லை.

கவிதை யாருடையது?

எட்டாம் வகுப்புப் பெண் எழுதிய கவிதைக்கு அவள்தான் உரிமையாளர். 1957-ஆம் ஆண்டின் காப்புரிமைச் சட்டம் இதில் வயது பார்ப்பதில்லை. மலருக்குத் தந்ததால் அது பள்ளியின் சொத்தாகிவிடாது. உரிமையை மாற்றித் தருவதென்றால் எழுத்தில் இருக்க வேண்டும். அப்படித் தந்துவிட்ட பிறகும், தன் பெயர் போடப்பட வேண்டும், படைப்பைச் சிதைத்துத் தன் மதிப்பைக் கெடுக்கக் கூடாது என்று கேட்கும் உரிமை 57-ஆம் பிரிவின்படி அவளிடமே இருக்கும். ஆசிரியர் நாலு வரி திருத்தினார் என்பதற்காகத் தன் பெயரைச் சேர்த்துக்கொள்வது முறையல்ல. குரூப் போட்டோவில் கணக்கு வேறு: வேறு ஒப்பந்தம் இல்லாவிட்டால், பணம் கொடுத்து எடுக்கச் சொன்னவரே முதல் உரிமையாளர். ஸ்டுடியோ தன் கடை வாசலில் மாட்டிக்கொள்ள முடியாது.

மலரும் பிறர் உரிமையை மிதிக்கக் கூடாது. கூகுளில் தேடி எடுத்த படம் அட்டைக்கு ஆகாது. பாரதியார் வரிகளைத் தாராளமாகப் போடலாம். கண்ணதாசன் மறைந்தது 1981. அவர் வரிகளுக்கு 2041 முடியும்வரை காப்புரிமை உண்டு. வகுப்பில் பாடம் நடத்தும்போது நகலெடுக்க இருக்கும் விலக்கை மலருக்கு நீட்டிவிட முடியாது.

எங்கே முறையிடுவது?

முதலில் தலைமையாசிரியருக்கு எழுத்தில் மனு கொடுங்கள். நகலில் கையெழுத்தும் தேதியும் வாங்குங்கள். எந்தப் பக்கம், எந்தப் படம், இணையத்தில் என்றால் எந்த முகவரி என்று குறிப்பிட்டு நீக்கச் சொல்லுங்கள், ஸ்கிரீன்ஷாட் எடுத்துவைத்துக்கொள்ளுங்கள். பதில் இல்லையென்றால் அரசுப் பள்ளி எனில் பள்ளி மேலாண்மைக் குழுவும் முதன்மைக் கல்வி அலுவலரும், தனியார் பள்ளி எனில் தனியார் பள்ளிகளுக்கான மாவட்டக் கல்வி அலுவலரும் இருக்கிறார்கள். புதிய சட்டம் முழுதாக வந்த பின், பள்ளி 90 நாட்களுக்குள் குறையைத் தீர்க்க வேண்டும். தீராவிட்டால் தரவுப் பாதுகாப்பு வாரியத்துக்குப் போகலாம். ஆனால் வாரியம் விதிக்கும் அபராதம் அரசுக்குத்தான் போகும். பெற்றோருக்கு இழப்பீடு அதில் கிடையாது. பொய்ப் புகார் கொடுத்தால் 10,000 ரூபாய் வரை நமக்கே அபராதம் வரலாம்.

படத்தை ஆபாசமாக மாற்றிவிட்டால் இந்த வரிசையெல்லாம் பார்த்துக்கொண்டிருக்க வேண்டாம். தேசிய சைபர் குற்றப் புகார்த் தளத்தில் உடனே பதியுங்கள். காவல் நிலையத்துக்கும் போங்கள். குழந்தைகள் உதவி எண் 1098. மாற்றிய படத்தைப் பற்றிப் பாதிக்கப்பட்டவரோ அவர் சார்பில் ஒருவரோ புகார் தந்தால், சமூக ஊடக நிறுவனங்கள் குறிப்பிட்ட மணி நேரத்துக்குள் நீக்க வேண்டும் என்பது தகவல் தொழில்நுட்ப விதி. உதவித்தொகை மோசடியில் பணம் போயிருந்தால் அடுத்த நிமிடமே 1930-ஐ அழையுங்கள்.

பண விவகாரம் சுருக்கமானது. மலருக்கென்று தனியாக வசூலித்தால் ரசீது கேளுங்கள். தனியார் பள்ளியில் நிர்ணயித்த கட்டணத்துக்கு மேல் வாங்கினால் 2009-ஆம் ஆண்டுச் சட்டப்படி அமைந்த கட்டண நிர்ணயக் குழுவில் முறையிடலாம். பெற்றோரிடம் நேரடியாகப் பணம் வாங்கிய ஸ்டுடியோ ஆல்பம் தராமல் இழுத்தடித்தால் நுகர்வோர் உதவி எண் 1915 இருக்கிறது. மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் 2 ஆண்டுக்குள் வழக்குப் போடலாம், 5 லட்சம் ரூபாய் வரையிலான வழக்குக்குக் கட்டணமில்லை. தாளாளர் வாழ்த்துரை, முதல்வர் வாழ்த்துரை, சட்டமன்ற உறுப்பினர் வாழ்த்துரை என்று முதல் 16 பக்கம் ஆர்ட் பேப்பரில் போய், பிள்ளைகளின் எழுத்து கறுப்பு வெள்ளையில் ஒடுங்கிக் கிடப்பதற்கு மட்டும் எந்த ஆணையத்திலும் புகார் எடுக்கமாட்டார்கள்.

பெற்றோருக்கும் ஒரு வார்த்தை. மகளின் மலர்ப் பக்கத்தைப் படம் பிடித்து, பக்கத்திலிருக்கும் மற்றப் பிள்ளைகளின் முகத்தோடும் பெயரோடும் முகநூலில் போடாதீர்கள். அவர்கள் வீட்டில் யாரும் உங்களுக்கு ஒப்புதல் தரவில்லை. பள்ளிக்குக் கடிதம் கொடுப்பதானால் அரையாண்டு விடுமுறைக்கு முன்பே கொடுத்துவிடுங்கள். மலர் அச்சுக்குப் போன பிறகு இணையத்திலிருந்து நீக்கலாம், அச்சடித்த 600 பிரதியிலிருந்து நீக்க முடியாது.