திரையிட முடியாத தேர்வு: பெண் இசைநெறியாளரும் சர்வதேசப் போட்டிகளும்

மேலைத்தேய சிம்பனி இசைக்குழுக்களுக்குக் கலைஞரைத் தெரிவுசெய்யும் முறையில் 1970களில் ஒரு மாற்றம் பரவலாயிற்று. குறிப்பாக ஐக்கிய அமெரிக்காவில், விண்ணப்பதாரி திரையொன்றின் பின்னால் அமர்ந்து வாசிக்க, தேர்வாளர் இப்பாலிருந்து ஒலியை மட்டும் கேட்டு முடிவுசெய்யலாயினர். கிளோடியா கோல்டின், சிசிலியா ரவுஸ் ஆகிய பொருளியலாளர் இருவரும் 2000 ஆம் ஆண்டில் வெளியிட்ட ஆய்வு, இக்குழுக்களிற் பெண்களின் தொகை உயர்ந்தமைக்கு இத்திரையும் ஒரு காரணம் என்று கூறிற்று. அவ்வாய்வின் புள்ளிவிபரங்கள் அத்துணை உறுதியானவை அல்ல என்று பின்னர் சிலர் வாதிட்டுள்ளனர். எனினும் திரையின் நியாயம் அதனாற் குன்றிவிடவில்லை.

ஆனால் அக்குழுவின் முன்னே நின்று கோலசைப்பவருக்குத் திரையிடுதல் இயலாது. ஆங்கிலத்தில் கண்டக்டர் எனப்படும் இவரை இங்கு இசைநெறியாளர் என்போம். நாடகத் துறையின் வழியாக நெறியாள்கை என்னும் சொல் நமக்குப் பழக்கமானதே. இவர் எழுப்பும் ஒலி என்று எதுவும் இல்லை. கையும் கண்ணும் முகமுமே இவர் மொழி. எண்பது பேர் அவரைப் பார்த்தவண்ணமே வாசிக்கின்றனர். ஆதலின் பெண்ணுடலைப் பற்றிச் சமூகம் கொண்டுள்ள எண்ணங்கள் யாவும் அந்த மேடையில் அவருக்கு முன்னதாகவே வந்து நிற்கின்றன. பின்லாந்தின் புகழ்பெற்ற நெறியாள்கை ஆசிரியர் ஒருவர், பெண்கள் 'பெண்மை' பொருந்திய இசையை மட்டும் நெறிப்படுத்தட்டும் என்ற கருத்துப்பட 2014 ஆம் ஆண்டிலே கூறினார். இது பத்தொன்பதாம் நூற்றாண்டின் கூற்றன்று என்பது மனங்கொள்ளத்தக்கது.

இதனினும் ஆழமான தடை ஒன்றுண்டு. வயலின் பயில்பவர் தம் அறையில் நாள்தோறும் ஆறு மணிநேரம் சாதகம் செய்யலாம். இசைநெறியாளருக்கோ இசைக்குழுவே வாத்தியம். அது சம்பளம் பெறும் மனிதரால் ஆனது. ஒரு மணிநேர ஒத்திகைக்கும் பெரும்பணம் வேண்டும். உற்பத்திச் சாதனம் எவர் வசம் உள்ளது என்ற பழைய வினாவை இங்கும் எழுப்பலாம். ரொட்டர்டாமிற் பிறந்து அமெரிக்காவில் வளர்ந்த அன்ரோனியா பிரிக்கோ, 1930 இல் பெர்லின் பில்ஹார்மொனிக் குழுவை நெறிப்படுத்தினார். 1938 இல் நியூயோர்க் பில்ஹார்மொனிக் குழுவையும் நெறிப்படுத்தினார். ஆயினும் முதன்மையான குழு எதிலும் அவருக்கு நிலையான பதவி கிட்டவில்லை. 1934 இல் நியூயோர்க்கிலே பெண்களைக்கொண்டு ஒரு குழுவை அவர் தாமே அமைக்க நேர்ந்தது. தமக்குரிய வாத்தியத்தைத் தாமே செய்துகொண்டார் எனலாம்.

சர்வதேசப் போட்டிகளின் பயன் இவ்விடத்திலேதான் விளங்குகின்றது. இளம் நெறியாளர் ஒருவருக்கு முழுமையான இசைக்குழுவொன்றைச் சில நிமிடங்களுக்கேனும் அவை கையளிக்கின்றன. அரங்க முகாமையாளரும் கலைஞர் முகவரும் அந்நிமிடங்களைக் காண்கின்றனர். பிரான்சின் பெசன்சோன் நகரில் 1951 இல் தொடங்கிய போட்டியிலே, 1959 இல் ஐரோப்பா அறிந்திராத யப்பானிய இளைஞர் செய்ஜி ஒசாவா முதற்பரிசு பெற்றமை பலரும் அறிந்த செய்தி. சுவிற்சர்லாந்தைச் சேர்ந்த சில்வியா கடுஃப் 1966 இல் நியூயோர்க்கில் நடந்த மித்ரோபூலோஸ் போட்டியில் வென்றார். அதன் பேறாக லெனார்ட் பேர்ண்ஸ்ரைனின் உதவி நெறியாளரானார். 1977 இல் ஜேர்மனியின் சோலிங்கன் நகரம் அவரைத் தன் தலைமை இசை நெறியாளராக நியமித்தது. பரிசுக்கும் பதவிக்கும் இடையிற் பதினோராண்டுகள் கழிந்தன.

மற்றொரு சான்று இன்னும் தெளிவானது. ஜேர்மனியின் பாம்பேர்க் நகரில் 2004 இல் நடந்த முதலாவது மாலர் போட்டியில் வெனிசுவேலாவின் குஸ்தாவோ டுடமெல் முதற்பரிசையும், உக்ரேனின் ஒக்சானா லினிவ் மூன்றாம் பரிசையும் பெற்றனர். 2009 இல் டுடமெல் லொஸ் ஏஞ்சல்ஸ் பில்ஹார்மொனிக் குழுவின் இசைப் பணிப்பாளரானார். லினிவ் பாம்பேர்க் குழுவில் உதவியாளராகத் தொடங்கி, பல அரங்குகளில் உழைத்து, 2021 இல் பைரொய்த் விழாவிலே நெறியாள்கை செய்தார். 1876 இல் தொடங்கிய அவ்விழாவில் அப்பணியை ஏற்ற முதற் பெண் அவரே. முதற்பரிசும் மூன்றாம் பரிசும் ஒன்றாகா. இருவர் வரலாற்றைக்கொண்டு பொதுவிதி வகுத்தலும் தகாது. ஆயினும் போட்டி கதவைத் திறந்துவிட்டாலும் உள்ளே செல்லும் பாதையின் நீளம் எல்லோர்க்கும் ஒன்றன்று என்பதை இவ்விரு பெயர்களும் உணர்த்துகின்றன. இலண்டனில் 1990 இல் தொடங்கிய டொனற்றெல்லா பிளிக் போட்டியில் ஒரு பெண் வெல்வதற்கு 2014 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. வென்றவர் ஹொங்கொங்கிற் பிறந்த எலிம் சான்.

பெண்களுக்கெனவே ஒரு போட்டி வேண்டும் என்ற எண்ணம் இத்தகைய அனுபவங்களின் விளைவாகும். பிரெஞ்சு நெறியாளர் கிளெயர் ஜிபோ, கிளோடியோ அப்பாடோவின் உதவியாளராகப் பணியாற்றியவர். 2004 முதல் 2009 வரை ஐரோப்பியப் பாராளுமன்ற உறுப்பினராகவும் இருந்தவர். 2018 இல் மெக்சிக்கோவில் நடந்த போட்டியொன்றின் நடுவர் குழுவில் அவர் ஒருவரே பெண். பெண்களின் கைகள் குழந்தையை ஏந்துவதற்கேற்ப அமைந்தவை, ஆதலின் நெறியாள்கைக்கு ஒவ்வாதவை என்று உடனிருந்த நடுவர் ஒருவர் கூறியதாக அவர் பின்னர் தெரிவித்தார். அப்போட்டியில் மேடையேறிய பெண்கள் எத்தகைய தராசில் நிறுக்கப்பட்டிருப்பர் என்பதை விளக்கவேண்டியதில்லை. பாரிஸ் பில்ஹார்மொனி அரங்குடன் இணைந்து, தாம் 2011 இல் நிறுவிய பாரிஸ் மொசார்ட் இசைக்குழுவின் துணையோடு, ஜிபோ 2020 செப்டெம்பரில் 'லா மாயெஸ்திரா' என்னும் போட்டியை நடத்தினார்.

தகுதியுள்ள பெண்கள் கிடைப்பதில்லை என்று அரங்க முகாமையாளர் சொல்லிவந்த சாட்டுக்கு விண்ணப்பங்களே விடையாயின. ஏறத்தாழ ஐம்பது நாடுகளிலிருந்து இருநூறுக்கு மேற்பட்டோர் விண்ணப்பித்தனர். பன்னிருவர் பாரிசுக்கு அழைக்கப்பட்டனர். பெருந்தொற்றின் கட்டுப்பாடுகளிடையே நடந்த அப்போட்டியில் ஜகார்த்தா சிம்போனியா இசைக்குழுவின் நெறியாளர் ரெபெக்கா ரொங் முதற்பரிசு பெற்றார். மூன்றாமிடம் பெற்ற கொலம்பியரான லீனா கொன்சாலெஸ் கிரானடோஸ் 2022 இல் லொஸ் ஏஞ்சல்ஸ் ஒப்பெராவின் வதிவிட நெறியாளரானார். பரிசளிப்போடு நின்றுவிடாமல், தெரிவானோர்க்குத் தொடர்ந்து பயிற்சியும் மேடையும் தேடித்தரும் பொறுப்பையும் ஏற்பாட்டாளர் ஏற்றமையே, என் கருத்தில், இம்முயற்சியின் முக்கிய கூறு. அமெரிக்காவின் மரின் ஒல்சப் 2002 முதல் பெண் நெறியாளருக்கென வழங்கிவரும் பயிற்சிப் புலமைப்பரிசிலும் இத்தகையதே.

தனிப்போட்டி பெண்களைத் தனிச் சிறையில் அடைப்பதாகாதா என்னும் ஆட்சேபம் உண்டு. கலைக்குப் பால் வேறுபாடு இல்லை என்பாரிடையே பெண் நெறியாளர் சிலரும் உளர். இதனை எளிதில் ஒதுக்கிவிடுதல் முறையன்று. பரிசு பெற்றவரைப் 'பெண்கள் போட்டியில் வென்றவர்' என்று குறைத்து மதிப்பிடும் வாய்ப்பு உண்மையானதே. எனினும் பொதுப் போட்டி எனப்படுவது எந்த அளவிற்குப் பொது என்று கேட்டல் வேண்டும். பலவற்றில் முப்பத்தைந்து வயதளவில் எல்லை விதிக்கப்படுகின்றது. பெண்கள் பலர் பிள்ளை பெற்று வளர்க்கும் ஆண்டுகளும் அவையே. நடுவர் இருக்கைகளிலோ நெடுங்காலம் ஆண்களே அமர்ந்திருந்தனர். வாத்தியம் மறுக்கப்பட்ட ஒருவருக்கு முதலில் வாத்தியத்தைக் கொடுத்துவிட்டு, அதன்பின்னரே அவரை மற்றவரோடு ஒப்பிடுதல் நேர்மை.

போட்டியால் இயலாதவையும் உள. வறிய நாட்டு மாணவி பாரிஸ் வரையில் வருவதற்கு முன்னரே நெறியாள்கை பயில அவளுக்கு ஓர் இசைக்குழு வேண்டும். அதனை எந்த நடுவர் குழுவும் கொடுக்கமுடியாது. பெரிய அரங்குகளின் நிகழ்ச்சிகள் இரண்டு மூன்று ஆண்டுகளுக்கு முன்னரே தீர்மானிக்கப்படுவதால், வென்றவரின் பெயர் மங்கிய பின்னரே அழைப்பு வருதலும் கூடும். முதல் அழைப்பைப் பரிசு பெற்றுத்தரலாம். இரண்டாவது அழைப்பு, ஒத்திகை முடிந்து வாத்தியங்களைப் பெட்டியில் வைக்கும்போது அக்கலைஞர் தம்முள் என்ன பேசிக்கொள்கின்றனர் என்பதைப் பொறுத்தது.